அரக்கில் பதிந்த குரல்கள்

சில ஆண்டுகளுக்கு முன், பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதினேழு பழைய இசைத்தட்டுகளை என்னிடம் ஒப்படைத்தார். அவருடைய பெரியப்பா குடும்பம் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறியபோது விட்டுச் சென்றவை அவை.

1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர்கள் என்று எண்ணிக் கணக்கெழுதியது. போனவர்களின் பெட்டிகளில் எல்லாவற்றுக்கும் இடமிருக்கவில்லை. 1981 ஆகஸ்ட் வன்செயலில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட லயங்கள் எரிந்தபோது, எஞ்சியவர்களும் பலவற்றை இழந்தார்கள். இத்தட்டுகள் தகரப்பெட்டி ஒன்றில் தப்பியிருந்தன. ஆனால் மழை மிகுந்த மாவட்டமாயிற்றே! தட்டுகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அவற்றைக் கழுவவே கொழும்பில் பழைய சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினேன். தட்டைச் சுழற்றி, திரவம் ஊற்றித் தூரிகையால் தேய்த்தபின், அழுக்கு நீரை உறிஞ்சியெடுக்கும் அமெரிக்க வகை அது. வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்டுக்குரியது. நம் நாட்டின் 230 வோல்ட்டுக்கு மின்மாற்றி தேவை. கழிவுநீர்த் தொட்டி ஒழுகக்கூடாது. உறிஞ்சுகுழல் வாயிலுள்ள வெல்வெட் பட்டையைப் புதிதாக மாற்றிவிட வேண்டும். முந்தியவரின் மணற்றுகள் அதில் ஒளிந்திருந்து தட்டைக் கீறும்.

இவற்றையெல்லாம் பார்த்த நான், இயந்திரத்தோடு வந்த திரவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடமிருந்த வைனில் தட்டொன்றில் ஊற்றினேன், பளிச்சென்று ஆயிற்று. பிறகு ஆசிரியரின் தட்டொன்றில் ஊற்றினேன். கரிய நீர் வழிந்தது. அழுக்கென்று மகிழ்ந்தேன். உலர்ந்தபோது மேற்பரப்பு மங்கிக் கிடந்தது. ஊசியை வைத்தால் இரைச்சல் மட்டுமே.

திரவத்தில் மதுசாரம் இருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டுகள், அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினில் கற்பொடி கலந்து வார்த்தவை. தளபாடங்களுக்கு மெருகூட்டும் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கல்கத்தாவில் 1902இல் இந்தியாவின் முதல் வணிக ஒலிப்பதிவுகள் நடந்தன. 1908இல் அங்கே தொழிற்சாலையும் எழுந்தது. சென்னையில் பாடியவர்களின் குரல்களும் வங்காளத்தில் தட்டுகளாகி, கடல் கடந்து நம் தோட்டங்களை அடைந்தன. பெரிய கங்காணி வீட்டிலும் கடைக்காரரிடமும்தான் கிராமபோன் இருந்தது என்றும், லயத்துப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்பார்கள் என்றும் ஆசிரியர் சொன்னார்.

மீதிப் பதினாறையும் காய்ச்சி வடித்த நீரில், மணமில்லாத மென்மையான நனைப்புத் திரவம் சில துளிகள் மட்டும் கலந்து கழுவினேன். ஊறவிடவில்லை. நடுத்தாளை நனைக்கவில்லை. வடித்த நீரால் இருமுறை அலசி உடனே உறிஞ்சினேன். வைனிலுக்கு வேறு தூரிகை, வேறு பட்டை. விரிசல் விட்ட இரண்டைத் தொடவேயில்லை. கையால் ஒற்றித் துடைத்தேன்.

இழந்ததைப் பற்றி ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன். எந்தப் பாட்டு என்று கேட்டார். சொன்னதும் சற்று நேரம் பேசாதிருந்தார். "பெரியம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சரிங்கய்யா, மத்ததப் போடுங்க" என்றார்.

அவற்றின் கணினிப் பிரதி இப்போது நீலகிரியிலுள்ள அவர் உறவினர்களிடம் இருக்கிறது. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய தட்டுகள் இருந்தால், புட்டியில் என்ன இருக்கிறதென்று முதலில் படியுங்கள்.