மெக்கன்சி தொகுப்பும் நூலகத்தின் கடமையும்

நூலகம் என்றவுடன் அச்சிட்ட நூல்களே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஆயின், ஆராய்ச்சியாளர் அரிதின் முயன்று திரட்டும் குறிப்புகளையும் பேணிக் காப்பது அதன் தலையாய கடமைகளுள் ஒன்றாகும். தரவு என்று இந்நாளில் வழங்குவது இதனையே. இக்கடமையின் அருமையை மெக்கன்சி தொகுப்பின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தில் பிறந்த காலின் மெக்கன்சி 1783-இல் இந்தியா வந்தார். 1815-இல் இந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளரானார். நிலத்தை அளந்த அவர், அந்நிலத்தின் பழைய வரலாற்றையும் திரட்டினார். அவருக்குக் கண்ணும் நாவுமாக விளங்கியவர்கள் காவலி வேங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா முதலிய நம் நாட்டு அறிஞர்கள். அவர்கள் கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். ஊர்ப் பெரியோரை வினவி எழுதினர். தாம் சென்ற ஊர்களையும் செய்த பணியையும் குறித்து அறிக்கைகள் விடுத்தனர்.

1821-இல் மெக்கன்சி மறைந்தார். அவர் தொகுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர் மனைவியாரிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிற்று. வாங்கினால் மட்டும் போதுமா? உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பேழை, பூட்டிய பேழையே அன்றோ! 1828-இல் எச். எச். வில்சன் விளக்க அட்டவணை வெளியிட்டார். கல்வெட்டுப் படிகள் 8,076, ஊர் வரலாற்றுக் குறிப்புகள் 2,070 என்பன போன்ற விவரங்கள் அதனால் வெளிப்பட்டன.

பின்னர் அத்தொகுப்பு லண்டன், கல்கத்தா, சென்னை எனப் பிரிந்தது. சென்னைக்கு வந்த ஏடுகள் பலவற்றில் மை மங்கிற்று, பூச்சியும் அரித்தது. வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியார், அழியும் நிலையில் இருந்தவற்றைப் புதிதாகப் படியெடுக்கச் செய்தார்; 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாகச் சுவடிப் பட்டியலும் வெளியிட்டார். அச்சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் செல்வமாயின.

திரட்டுதல் பாதி வேலையே. எழுதியவர் யார், எவ்வூரில், எந்நாளில், எவரைக் கேட்டு எழுதினார் என்னும் குறிப்பில்லாத செய்தியை எடைபோட நம்மிடம் துலாக்கோல் இல்லை. கல் சிதைந்த பின்னர், படியும் அதன் குறிப்புமே சான்றாகும்.

கணிப்பொறியில் சேரும் தரவுகளுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பூச்சி அரிப்பதில்லை. ஆயின், பழைய வடிவத்தில் உள்ளதைப் புதிய கருவி படிக்க மறுத்துவிடும். ஆதலின் நூலகர்கள் தரவுகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகின்றனர். படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றனர். காலத்திற்கேற்ப வடிவத்தை மாற்றுகின்றனர். வில்சனும் டெய்லரும் ஆற்றிய தொண்டின் தொடர்ச்சியே இது.

ஆய்வில் இறங்கும் இளைஞர்களுக்கு, பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய நான் கூறுவது ஒன்றே: ஆய்வு முடிந்தபின் அன்று, தொடங்கும்போதே நூலகரை நாடுங்கள். உங்கள் உழைப்பு உங்களுக்குப் பின்னும் பயன்தரும்.