தூர் வாரியது யார்? பாகூர் நெல்வயல்களின் கதை

பிள்ளைச்சாவடி மணல் ஊர். புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மீனவர் குடியிருப்பு. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் கொட்டிச் சுவர் எழுப்பியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் தடைபட்டு, வடக்குக் கரையோர ஊர்களைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைச்சாவடி வீடுகளையும் விடவில்லை. இந்த மண்ணில் நெல்லுக்கு இடம் கிடையாது. ஆனால் சோறு இல்லாமல் மீன் குழம்புக்கு என்ன வேலை? சோழமண்டலக் கரையின் மீனவப் பெண்கள் கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்ததும், கருவாட்டை அளந்து கொடுத்து நெல்லை அளந்து வாங்கியதும் பாட்டிமார் நினைவில் இன்னும் இருக்கிற வியாபாரம்.

புதுச்சேரி வட்டாரத்தில் நெல் என்றால் பாகூர். நகரத்துக்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தள்ளி, தென்பெண்ணை ஆற்றுக்கு அருகே, களிமண் பூமி. வட்டாரத்தில் உள்ள 84 ஏரிகளில் ஊசுட்டேரி பெரியது. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டமும் பார்த்த வயல்கள் இங்கே உண்டு. சித்திரையில் தொடங்குவது சொர்ணவாரி, ஆவணியில் விதைப்பது சம்பா, மார்கழி தையில் நடுவது நவரை. ஏரி நிரம்பினால் மூன்றும். அரை ஏரி என்றால் சம்பா மட்டும். ஏரி காய்ந்தால் கடன். விவசாயியின் கணக்கு அவ்வளவுதான்.

இந்த ஊரின் பழமையைச் சொல்லப் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் செப்பேடுகள் இருக்கின்றன. அவனது 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் வெளியிடப்பட்டவை. வடமொழியிலும் தமிழிலுமாக எழுதப்பட்ட அந்த ஏடுகள் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை வாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு எழுதி வைத்தன. வாகூர் என்பது இன்றைய பாகூர்தான். கல்லூரி என்று சொல்லத்தக்க அந்த நிறுவனம் பதினான்கு வகை வித்தைகளுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. வேதமும் இலக்கணமும் படித்தவர்களுக்குச் சோறு போட்டது மூன்று ஊர் நெல். நாட்டார் எல்லையைச் சுற்றி நடந்து கல்லும் கள்ளியும் நட்டு ஊரைக் குறிப்பது அக்கால வழக்கம். பல்லவர் தானங்களில் வாய்க்கால் வெட்டிக்கொள்ளும் உரிமையும் கிணறு தோண்டும் உரிமையும் நிலத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டன. நீர் வராத நிலத்தைத் தானம் வாங்கி யார் என்ன செய்வார்கள்?

பாகூரின் மூலநாதர் கோயில் சுவர்கள் நிறையக் கல்வெட்டுகள். சோழர் காலத்தவை மட்டுமல்ல. 949இல் தக்கோலத்தில் சோழப்படையை முறியடித்துத் தொண்டை மண்டலத்தைப் பிடித்த இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின், தமிழில் கன்னரதேவனின், ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளும் இங்கே உள்ளன. வடக்கிலிருந்து வந்தவன் அரசனானாலும் ஊரை நடத்தியது சபை. அந்தச் சபைகள் வேலை செய்த விதத்தை 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விவரமாகச் சொல்கின்றன: தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம், குடவோலை போட்டு ஆண்டுதோறும் தேர்வு. ஏரி வாரியப் பெருமக்கள் கரையைப் பலப்படுத்தவும் தூர் எடுக்கவும் பொறுப்பானவர்கள். அதற்கென்று நிலமும் பொன்னும் ஒதுக்கினார்கள். மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று மட்டும் எந்தச் சபைக்கும் தோன்றவில்லை.

அந்தக் குறையை ஊர்வழக்குக் கதை ஓரளவு ஈடுகட்டுகிறது. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்க்குப் பெயர் பங்காரு வாய்க்கால். பங்காரு, சிங்காரு என்ற இரு தாசிகள், அக்கா தங்கை, தாங்கள் சேர்த்த பொருளையெல்லாம் செலவழித்து இதை வெட்டுவித்தார்கள் என்று பாகூர்க்காரர்கள் சொல்கிறார்கள். புதுச்சேரி நகரத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை அது. அவள் குளத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னம். சரித்திரமா கட்டுக்கதையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். குடும்ப வாழ்வு மறுக்கப்பட்ட பெண்களின் பெயரில்தான் குடிநீரும் பாசன நீரும் இரண்டுமே இங்கே அறியப்படுகின்றன. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் பெயரில் ஒரு வாய்க்காலும் இல்லை.

துய்ப்ளேக்ஸ் இந்த நெல்வயல்களை நன்றாக அறிந்தவர். 1749இல், கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் தரப்புக்குச் செய்த உதவிக்குக் கூலியாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. துறைமுக வணிகம் செய்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு நில வருவாய் கிடைத்தது அப்படித்தான். அடுத்த மூன்றாண்டில் அந்த நிலத்திலேயே போர். 1752 செப்டம்பர் தொடக்கத்தில், சம்பா நாற்றங்கால் தயாராகும் பருவத்தில், மேஜர் லாரன்ஸின் ஆங்கிலப் படையும் துய்ப்ளேக்ஸின் உறவினர் கெர்ழான் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் பாகூரில் துப்பாக்கி ஈட்டியால் குத்திக்கொண்டன. கெர்ழான் சிறைப்பட்டார். நாட்டுச் சரித்திரப் புத்தகங்களில் பாகூர் எட்டிப் பார்ப்பது இந்த ஒரு நாளுக்காக மட்டும். ஆயிரம் ஆண்டு ஏரிக்கு ஒரு வரி கிடையாது. பிறகு 1761, 1778, 1793 என்று புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்து விழுந்து எழுந்தது. 1816க்குப் பின் பிரெஞ்சுக்காரர் திரும்ப வாங்கியபோது கிடைத்தது ஒரே நிலப்பரப்பு அல்ல, ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்துக்கு நடுவே சிதறிய துண்டுகள். சொர்ணாவூர் அணைக்கட்டு ஆங்கிலேயர் பக்கம், அதன் தண்ணீர் குடிக்கும் ஏரி பிரெஞ்சுப் பக்கம். தலை ஒருவர் வீட்டில், வயிறு இன்னொருவர் வீட்டில். இன்றும் நிலைமை அதுதான், கொடிதான் மாறியது. தென்பெண்ணையில் தண்ணீர் விடச் சொல்லிப் பாகூர்க்காரர்கள் கேட்க வேண்டிய இடம் தமிழ்நாடு.

பிரெஞ்சு ஆட்சியின் தடம் இன்றும் வயல் வரப்பில் இருக்கிறது. பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றுதான் அளவு. ஆனால் வரப்பில் நிற்பவரைக் கேட்டால் குழி, காணி என்பார். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி; 100 குழி ஒரு காணி. காரைக்காலில் குழி 144 சதுர அடிதான். ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் நிலம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஏமாந்தால் பிரெஞ்சுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1880இல் வந்த நகராட்சி முறைப்படி பாகூர் ஒரு கொம்யூன் ஆனது. கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் இன்றும் அலுவலகப் பலகையில் இருக்கிறது.

அக்காலத்து ஏரி நிர்வாகத்துக்கு ‘கேஸ் கொம்யூன்’ என்ற பொது நிதி ஏற்பாடு இருந்தது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தியது. மதகு, கலுங்கு பழுதுபார்ப்பதும் வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்வதும் அதன் பொறுப்பு. நிலம் உள்ளவனுக்கே அங்கு வாக்கு. இரவில் மடை திறந்து காவல் நின்ற நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் சில மரக்கால் நெல். நியாயமான ஏற்பாடு என்று யாரும் வாதாட முடியாது. ஆனாலும் பிரெஞ்சு ஆட்சி முடியும்வரை ஏரிக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. தலைநகரில் அல்ல, வயல் நடுவே இருக்கும் அந்தக் கிராமத்தில் 178 பிரதிநிதிகள் கூடி 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் கைமாறியது. ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் வந்தன. கேஸ் கொம்யூன் மெல்லத் தேய்ந்து மறைந்தது.

அதே சமயம் விதையும் மாறியது. கிச்சிலிச் சம்பா, பூங்கார், வாடன் சம்பா என்று பெயர் சொல்லி நட்ட இடத்தில் எண்கள் வந்தன. 1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 ரகத்தின் ஒரு பெற்றோர் பீட்டா என்ற இந்தோனேசிய நெல். அந்தப் பீட்டாவையே ஜாவாவில் உருவாக்கியபோது ஒரு பக்கம் பயன்பட்டது வங்காளத்து லதிசைல். வங்காளத்திலிருந்து கடல் கடந்து போன நெல், ஜாவா, மணிலா சுற்றித் தமிழ்நாட்டு வயலுக்குக் குட்டையாகத் திரும்பி வந்தது. இன்று பிள்ளைச்சாவடியில் பொங்கும் பொன்னி அரிசிக்கும் மலாய் ரத்தம் உண்டு: தைவானின் தைச்சுங் 65 ரகத்தை மலாய்நாட்டு மாயாங் எபோஸ் ரகத்தோடு சேர்த்து மலேசியாவில் வெளியிட்ட மசூரிதான் அதன் மூலம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. புதுவைப் பொன்னி, புனிதவதி, பாரதிதாசன், அரவிந்தர் என்று நெல் ரகங்களுக்குப் பெயர் வைத்த பெருமையும் இந்த ஊருக்கு உண்டு. கவிஞருக்குச் சிலை வைக்காத ஊர் இல்லை. விதை மூட்டையில் பெயர் எழுதியது புதுச்சேரி.

குட்டை நெல்லுக்கு நேரத்துக்கு நீர் வேண்டும். ஏரி மடையின் முறைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். கேட்டபோது தண்ணீர் கொட்டியது. ஏரிக்கரைக் கூட்டத்துக்கு ஆள் குறைந்ததும் அப்போதுதான். பம்புசெட் வைத்திருப்பவனுக்கு மதகு பழுதானால் என்ன, வாய்க்காலில் காட்டாமணக்கு மண்டினால் என்ன? பாகூர் விவசாயத்தை உடைத்தது வறட்சியோ வெள்ளமோ அல்ல, இந்த அலட்சியம்தான். கடலோரக் கிணறுகளில் உப்பேறியபோது விஷயம் உறைத்தது. ஏரியில் தேங்கிய நீர் கீழே இறங்கித்தான் கிணறுகளில் ஊறியது. ஏரி தூர்ந்தால் போர்வெல்லும் பொய்க்கும் என்பதை உப்புக் கரித்த தண்ணீர் சொல்லிக் கொடுத்தது.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் இதே பாடத்தை 1970களில் படித்தார்கள். அங்கே சுபாக் என்ற நீர்ச் சங்கங்கள் ஆயிரம் ஆண்டுகளாக வேலை செய்கின்றன. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் விவசாயிகள் ஒரு சங்கம். அவர்களுக்கு ஒரு நீர்க்கோயில். எந்த வயல் எப்போது நட வேண்டும், எப்போது தரிசாக விட வேண்டும் என்பதைக் கோயில் நாட்காட்டியோடு சேர்த்து முடிவெடுப்பார்கள். பசுமைப் புரட்சி அதிகாரிகள் வந்து, கோயிலை விடுங்கள், முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்றார்கள். எல்லோரும் அவரவர் நேரத்துக்கு நட்டதில் தண்ணீர் முட்டியது. தரிசுக் காலம் இல்லாததால் புகையான் பூச்சி வயலுக்கு வயல் தாவியது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் கணினிக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் கோயில் முறையின் அறிவு வெளியே தெரிந்தது. 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நம் ஏரி வாரியமும் அதற்கு இளைத்ததல்ல. பாலியில் சங்கம் உயிரோடு இருக்கும்போதே பாராட்டு வந்தது. இங்கே கல்வெட்டு மட்டும் மிஞ்சிய பிறகு நாம் பெருமை பேசுகிறோம்.

புதுச்சேரியிலும் ஒரு முயற்சி நடந்தது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு ஏரிகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஏரிக்கு ஒரு சங்கம். பழைய கேஸ் கொம்யூன் போல நிலக்காரர் மட்டும் அல்ல, நிலமற்றவர்களும் பெண்களும் உறுப்பினர்கள். கரை உயர்ந்தது, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. பங்காரு வாய்க்காலை நம்பிய ஏரிச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பும் அமைத்தன. திட்டப் பணம் முடிந்ததும் வேகம் குறைந்தது. சங்கத்துக்கு நிரந்தர வருமானம் இல்லாமல் எத்தனை நாள் மண்வெட்டி தூக்குவார்கள்?

இதற்கிடையே நிலம் சுருங்குகிறது. கடலூர்ச் சாலையின் இரு புறமும் கல்லூரிகள், மருத்துவமனைகள், மனைப்பிரிவுக் கொடிகள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்துவிட்ட நீரோடு தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. சம்பாப் பயிர் நீருக்குள் நின்றது. தூர்ந்த ஏரியும் அடைபட்ட வாய்க்காலும் வெயிலில் தரும் தொல்லையைவிட வெள்ளத்தில் தரும் தொல்லை பெரிது.

செய்ய வேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. ஏரியின் மீன்பாசிக் குத்தகைப் பணமும் கரை மரங்களின் வருமானமும் அந்தந்த ஏரிச் சங்கத்துக்கே போக வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும், மழைக்கு முன், பங்காரு வாய்க்காலைச் சொர்ணாவூரிலிருந்து கடைமடை வரை தூர்வாரும் பொறுப்பும் அதே சங்கத்திடம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டோடு பேசித் தண்ணீர் விடச் செய்வது அரசின் வேலை. புதுச்சேரி அரசு இதை அடுத்த சம்பாப் பட்டத்துக்கு முன்பே தொடங்கலாம்.