53 பேஸ்மேக்கரும் ஒரு பாசியும்

செம்பூரில் இருக்கும் என் மாமனாருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். போன ஞாயிறு, "மாப்பிள்ளை, லைட் அடிச்சே இதயத்தை ஓட்டுறாங்களாமே, நெசமா?" என்றார். பேங்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் உட்கார்ந்து படித்தேன்.

கதை 1958-ல் ஆரம்பம். ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சனுக்கு உலகின் முதல் உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அது சில மணி நேரமே ஓடியது. மனிதர் விடவில்லை, 26 பேஸ்மேக்கர் மாற்றி, 2001-ல் 86 வயதில்தான் காலமானார்.

26 வாங்க நம்மூரில் யாரால் முடியும்? மாட்டுங்கா ரோடில் ரயிலேறினால் இரண்டாவது ஸ்டேஷன் பாந்த்ரா. அங்கே ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில், அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த பேஸ்மேக்கர்களைச் சுத்தம் செய்து, வசதியில்லாத 53 பேருக்கு வைத்தார்கள். யாருக்கும் கிருமித் தொற்று இல்லை என்று 2011-ல் செய்தி வந்தது. அமெரிக்காவிலோ ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்க அனுமதி இல்லை. தேய்மானம் போக மதிப்பு மிச்சமிருக்கும் சொத்தைப் புதைப்பானேன் என்பது காமர்ஸ் படித்த என் கட்சி.

சரி, லைட்டுக்கு வருவோம். குளத்துப் பச்சைப் பாசி ஒன்றில் சேனல்ரொடாப்சின் என்ற புரதம் உண்டு. நீல வெளிச்சம் பட்டால் கதவு மாதிரி திறந்து, மின்னூட்டமுள்ள அணுக்களை செல்லுக்குள் விடும். ஜெர்மனியில் நாகெல், ஹெகெமான், பாம்பெர்க் முதலானோர் 2003-ல் இதைத் தெளிவாக்கினார்கள். இதய செல்லிலும் அதே கதவு திறந்தால் துடிப்பு கிளம்பும். 2010-ல் பான் பல்கலைக்கழகத்தார் எலியின் இதயத்தை நீல வெளிச்சத்தால் துடிக்க வைத்தார்கள். 2016-ல், அதே பான் குழுவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து, தாறுமாறாகத் துடித்த எலி இதயத்தை வெளிச்சத்தாலேயே வழிக்குக் கொண்டுவந்தார்கள். இது பெரிய சமாச்சாரம். இப்போதைய டிஃபிப்ரிலேட்டர் ஷாக், நெஞ்சில் குதிரை உதைத்த மாதிரி வலிக்குமாம். வெளிச்சத்தில் அந்த வலி இருக்காது என்பதுதான் நம்பிக்கை.

மனிதருக்கு இன்னும் வரவில்லை. பாசியின் மரபணுவை வைரஸ் மூலம் இதயத்தில் ஏற்ற வேண்டும். நீல வெளிச்சம் நம் தடித்த இதயச் சுவரை ஊடுருவாது, சிவப்பு வேண்டும் என்கிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமனார், "அந்த லைட்டுக்கும் பேட்டரி வேணுமில்ல?" என்றார்.

வேணும்தான்.