பேச்சும் தீர்ப்பும்: மாணவர் விவாதங்களை மதிப்பிட்ட முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கேட்போர் உள்ளத்தைப் பிணிக்குமாறு பேசப் பழகுவது உயர்கல்வியின் மிகப் பழைய பயிற்சிகளுள் ஒன்றாகும். அவ்வாறு பேசியவனை யார் அளப்பது, எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவும் ஏறக்குறைய அதே பழைமையினது. உரோமப் பேரரசின் உரைக்கலைக் கூடங்களில் மாணவர் ‘சுவாசோரியா’ எனப்படும் பயிற்சியைச் செய்தனர். அலெக்சாந்தர் பெருங்கடலைக் கடந்து செல்லலாமா, சிசெரோ அந்தோனியிடம் உயிர்ப்பிச்சை கேட்கலாமா என்பன போன்ற பொருள்களிலே, உரியவர் முன்னின்று அறிவுரை கூறுவதாகப் பாவித்து அவர்கள் உரையாற்றினர். இவ்வுரைகள் பலவற்றை மூத்த செனெக்கா தொகுத்து வைத்தார். அவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை நிதானமாகச் சிந்தித்தவர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசிரியர் குவின்ரிலியன் ஆவார்.

ஒருவன் பேசும்போது ஏனைய மாணவர் துள்ளியெழுந்து ஆரவாரிக்கும் வழக்கத்தை அவர் கண்டித்தார். சக மாணவரின் கைதட்டல் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் உபசாரமாகிவிடும் என்பதும், பேசியவன் ஆசிரியரின் முகத்தையே தீர்ப்பாகக் கொள்ளவேண்டும் என்பதும் அவர் கருத்து. இளைஞரின் உரையிற் சொற்பெருக்கு மிகுந்திருப்பின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம், மிகுதியைப் பின்னர் குறைத்துவிட முடியும், வறட்சிக்கோ மருந்தில்லை என்றும் அவர் எழுதினார். அவரது அளவுகோல் அன்றைய பேச்சின் வெற்றியன்று, பேசியவனது வளர்ச்சியே. தீர்ப்பு ஆசிரியரின் கையில் இருக்கும் வரையில் இந்நோக்கு இயல்பானதாகவே இருந்தது. விவாதம் வகுப்பறையை விட்டு வெளியேறி, கல்லூரியும் கல்லூரியும் மோதும் பந்தயமாக மாறியபோதுதான் சிக்கல் தோன்றியது.

கல்லூரிகளுக்கிடையிலான விவாத மரபின் தொடக்கமாக ஹாவார்ட், யேல் ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1892இல் நடத்திய விவாதம் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அதன் பின் இவ்வழக்கம் விரைந்து பரவிற்று. இரு கல்லூரிகளுக்கும் பொதுவான நடுவர் தேவைப்பட்டமையால் நீதிபதிகள், அரசியலாளர், மதகுருமார், பேராசிரியர் எனப் புகழ்பெற்றோர் அழைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் காரணம் எதுவும் கூறாது வாக்கினை மட்டுமே அளித்துச் சென்றனர். தோற்ற மாணவன் தான் ஏன் தோற்றான் என்பதை அறிய வழியில்லை. நீதிபதியொருவர் வாக்களித்தது மாணவனின் திறமைக்கா, அன்றி அவர் முன்னரே கொண்டிருந்த கொள்கைக்கா என்பதும் எவருக்கும் விளங்கவில்லை.

இம்முறையின் அடிப்படையையே மறுத்தவர் ஹாவார்ட்டின் பழைய மாணவரும் முன்னாள் சனாதிபதியுமான தியோடர் ரூஸ்வெல்ற் ஆவார். 1913இல் வெளிவந்த தமது தன்வரலாற்றிலே, கல்லூரி விவாதங்களிற் கலந்துகொள்ளாமை குறித்துத் தாம் மகிழ்வதாக அவர் எழுதினார். எப்பக்கம் கிடைப்பினும் அப்பக்கத்துக்காக வாதாட இளைஞரைப் பழக்குவது நேர்மையின்மையை வளர்க்கும் என்பதும், நாட்டுக்கு வேண்டியவர் நியாயத்தின் பக்கம் உறுதிகொண்டு நிற்போரே என்பதும் அவரது வாதம். நியாயம் எப்பக்கம் உள்ளது என்பதை முன்னரே அறிந்திருப்பவருக்கு விவாதமே தேவையில்லை என ரூஸ்வெல்றுக்கு மறுமொழி கூறலாம். எனினும் அவர் எழுப்பிய ஐயம் எளிதில் அடங்கவில்லை.

நடுவர் பற்றிய சர்ச்சை 1915ஆம் ஆண்டளவில் பேச்சுக்கலைப் பேராசிரியர்களின் முத்திங்களிதழில் வெளிப்படையாகவே மூண்டது. நடுவர் நீதிமன்றத்து யூரரைப் போன்றவர் என ஒரு சாரார் கொண்டனர். இரு பக்கத்தையும் கேட்டபின் பிரேரணை நிறுவப்பட்டதா இல்லையா எனக் கூறுவதே அவர் கடமை என்பது அவர்தம் நிலைப்பாடு. ஜேம்ஸ் ஓநீல் இதனை மறுத்தார். மாணவர் தாம் விரும்பிய வழக்கை எடுத்து வருவதில்லை. பிரேரணையின் உண்மைக்கு அவர்கள் பொறுப்பாளிகளும் அல்லர். ஆகவே நடுவர் விவாதக்கலை அறிந்த திறனாய்வாளராக இருந்து, எந்த அணி சிறப்பாக வாதிட்டது என்பதை மட்டுமே கூறவேண்டும் என அவர் வற்புறுத்தினார். கல்வி நோக்கிற் பார்க்குமிடத்து ஓநீலின் பக்கமே வலியது. ஆனால் அதற்கு ஒரு விலையுண்டு. திறமையை மட்டும் அளக்கும் நடுவர் முன்னிலையிலே, கேட்போரை உண்மையில் இணங்கவைத்தல் என்னும் பழைய நோக்கம் மெல்ல நழுவிவிடுகின்றது.

அந்நோக்கத்தை மீட்க முயன்றவர் வெஸ்ரேண் றிசேர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹவாட் வூட்வாட் ஆவார். நடுவரை அகற்றிவிட்டு, சபையோரின் கருத்தை விவாதத்தின் முன்னும் பின்னும் வாக்குச்சீட்டிற் பதியச் செய்து, எத்தனை பேர் எப்பக்கம் நகர்ந்தனர் என்பதைக் கணக்கிடும் முறையை அவர் வகுத்தார். கேட்பதற்கு இது மிகவும் நியாயமானதாகத் தோன்றும். ஆயினும் முன்னரே முழுமையாக இணங்கியிருப்பவன் மேலும் நகர இடமில்லை. எனவே சபை எப்பக்கம் சாய்ந்திருந்ததோ அப்பக்கத்து அணிக்கே இடர்ப்பாடு ஏற்படும். அன்றியும், தமது கல்லூரி வெல்லவேண்டும் என விரும்பும் நண்பர், முதற் சீட்டிலே எதிர்க்கருத்தை எழுதிவைத்துப் பின்னர் ‘மனம் மாறுவதை’ யார் தடுக்க இயலும்?

சபையே தீர்ப்பளிக்கும் வழக்கம் ஒக்ஸ்போட் மாணவர் சங்கத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. 1920களில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க செயலாளராகப் பணியாற்றிய சங்கம் அது. 1921இல் அமெரிக்காவின் பேற்ஸ் கல்லூரி மாணவர் ஒக்ஸ்போட் சென்று வாதிட்டனர். மறுவருடம் ஒக்ஸ்போட் மாணவர் அமெரிக்கா சென்றபோது இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்தன. சான்றுகளை அட்டைகளில் அடுக்கிவைத்துப் பேசும் அமெரிக்கருக்கு, நகைச்சுவையாலும் குறுக்கு வினாக்களாலும் சபையைக் கவரும் ஆங்கிலேயர் வியப்பளித்தனர். ஒக்ஸ்போட்டில் வாக்கு பிரேரணைக்கே அளிக்கப்படும், பேச்சாளனுக்கு அன்று. ஆயினும் பேச்சின் கவர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பிரேரணையை மட்டும் நோக்கி வாக்களிக்கும் சபை எங்கும் இருந்ததில்லை.

இவ்விரண்டும் கலந்தமையால் விளைந்ததை 1933ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நிகழ்ந்த விவாதம் காட்டுகின்றது. எச்சூழ்நிலையிலும் மன்னனுக்காகவும் நாட்டுக்காகவும் போரிடுவதில்லை என்னும் பிரேரணையைக் கெனெல்ம் டிக்பி முன்மொழிந்தார். மெய்யியலாளர் ஜோட் விருந்தினராக வந்து அதற்குச் சார்பாகப் பேசினார். குவின்ரின் ஹொக் எதிர்த்தார். 275 வாக்குகளுக்கு 153 என்ற கணக்கிற் பிரேரணை நிறைவேறிற்று. சங்கத்துக்குள் இது ஓர் இரவின் விவாத முடிவு. வெளியிலோ, ஓர் இளந்தலைமுறையின் கோழைத்தனத்துக்குச் சாட்சியமாக இது வாசிக்கப்பட்டது. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன, கோழைகளுக்கு அனுப்பும் வெள்ளை இறகுகள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தன. வின்ஸ்ரன் சேர்ச்சில் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். ஜோட்டின் நாவன்மைக்கு இணங்கியவர் எத்தனை பேர், முதலாம் உலகப்போரின் அழிவை எண்ணி வாக்களித்தவர் எத்தனை பேர், குறும்புக்காகக் கையுயர்த்தியவர் எத்தனை பேர் என்பதை அந்த 275 என்ற எண் சொல்லவில்லை.

சேர்ச்சிலின் மகன் ரண்டொல்ப், அம்முடிவைச் சங்கப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டுமென மார்ச் 2ஆம் திகதி ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். அது 750 வாக்குகளுக்கு 138 என்ற கணக்கிற் படுதோல்வி கண்டது. போரெதிர்ப்பு மூன்று கிழமைகளில் இரண்டரை மடங்குக்கு மேற் பெருகிவிட்டது என இதனைக் கொள்வது பேதைமை. அன்று சபை முன்னிருந்த வினா வேறு. தமது சங்கத்தின் தீர்ப்பை வெளியார் அழிக்கலாமா என்பதே அது. முதற் பிரேரணையை எதிர்த்தவருள்ளும் பலர் அழிப்பையும் எதிர்த்திருத்தல் இயல்பே. 1939இற் போர் மூண்டபோது அக்கால ஒக்ஸ்போட் மாணவர் பெருந்தொகையினர் படையிற் சேர்ந்தனர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அமெரிக்காவிலோ வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1920களிலிருந்து பல கல்லூரிகள் ஒரே இடத்திற் கூடிப் பல சுற்றுக்கள் வாதிடும் போட்டிகள் தோன்றின. ஒரே மாணவன் காலையிற் பிரேரணைக்குச் சார்பாகவும் மாலையில் எதிராகவும் பேசினான். சபையோர் மறைந்தனர், வெறும் வகுப்பறையில் ஒரு நடுவரும் ஒரு புள்ளித்தாளும் எஞ்சின. பகுப்பாய்வு, சான்று, மறுப்பு, எடுத்துரைப்பு எனத் தலைப்பிட்ட அத்தாளிலே ஓநீலின் கட்சி வென்றுவிட்டது எனலாம்.

ரூஸ்வெல்றின் ஐயம் 1954இல் மீண்டும் உயிர்பெற்றது. கம்யூனிஸ்ற் சீன அரசை ஐக்கிய அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது அவ்வாண்டின் பொதுப் பிரேரணை. செனற்றர் மக்கார்த்தியின் பெயரால் அறியப்படும் அச்சம் நிலவிய காலம் அது. சார்பாகப் பேசும் மாணவனின் சொற்கள் புள்ளித்தாளுடன் நின்றுவிடுமா, அன்றி அவன் மீதான சாட்சியமாகிவிடுமா என்ற கேள்வி எழுந்தது. வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்விக்கழகமும் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகமும் தம் மாணவர் அதனை விவாதிப்பதைத் தடுத்தன. நெப்ராஸ்கா மாநில ஆசிரியர் கல்லூரிகளும் விலகிக்கொண்டன. 1957இல் றிச்சட் மர்பி என்னும் பேராசிரியர் வேறொரு கோணத்திலிருந்து தாக்கினார். பொதுமேடையில் ஒருவன் கூறுவது அவனது சொந்தக் கூற்றாகவே இருத்தல் வேண்டும் என்றும், இருபக்கமும் பேசுவது அறத்துக்கு மாறானது என்றும் அவர் எழுதினார். விவாதம் வெறும் பயிற்சியே, வாக்குமூலமன்று என நிக்கலஸ் கிறைப் மறுமொழி கூறினார். இருவரும் நேர்மையையே பேசினர். ஒருவர் மாணவனைக் குடிமகனாகவும் மற்றவர் கற்போனாகவும் கண்டமையே வேறுபாடு.

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய விவாதப் போட்டி 1947 முதல் வெஸ்ற் பொயின்ற்றிலேயே ஆண்டுதோறும் நடைபெற்று வந்தது. 1955ஆம் ஆண்டும் அங்கேயே நடைபெற்றது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த மாணவர், அக்கழகம் தன் மாணவருக்கு மறுத்த அதே பிரேரணையை, அதன் மண்டபங்களிலே, ஒரு சுற்றிற் சார்பாகவும் மறுசுற்றில் எதிராகவும் பேசிப் புள்ளிகள் பெற்றுச் சென்றனர்.