பெருந்தொற்றுக் கால மருத்துவப் பணியாளர் நியமனம் (தமிழ்நாடு)

கொரோனா பெருந்தொற்றின்போது (2020–2022) தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர், சுகாதார ஆய்வாளர் ஆகியோரை அவசரமாகப் பணியமர்த்தவும், பணியில் நிலைக்கச் செய்யவும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள். ஆட்களைச் சேர்ப்பது விரைவாக நடந்தது; அவர்களைத் தக்கவைப்பதில்தான் சிக்கல் நீடித்தது.

பின்புலம்

அரசு மருத்துவத் துறைக்கு ஆள் எடுக்கவென்றே 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) அமைக்கப்பட்டது. தேர்வெழுதிக் காத்திருந்தோர் பட்டியல் கையில் இருந்ததால், நெருக்கடி வந்தபோது அரசு புதிதாக விளம்பரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஊதிய உயர்வு கோரி 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மனக்கசப்பு ஆறும் முன்பே தொற்று வந்துவிட்டது.

ஆட்சேர்ப்பு

2020 மார்ச் 27 அன்று 530 மருத்துவர்கள், 1,000 செவிலியர்கள், 1,508 ஆய்வக நுட்புநர்களை நியமிக்க முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி ஆணையிட்டார். ஆணை கிடைத்த மூன்று நாளுக்குள் பணியில் சேர வேண்டும் என்பது நிபந்தனை. மார்ச் 31இல் ஓய்வுபெறவிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒப்பந்த அடிப்படையில் இரண்டு மாதப் பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது. மே மாதம் மேலும் 2,570 செவிலியர்கள், மாதம் ரூ.14,000 தொகுப்பூதியத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டனர்.

பிற நாடுகளும் இதே வழிகளை நாடின. இத்தாலி இறுதியாண்டு மாணவர்களை முன்கூட்டியே மருத்துவர்களாக்கியது; பிரிட்டன் ஓய்வுபெற்றோரைத் திரும்ப அழைத்தது. இந்தியாவில் இரண்டாம் அலையின்போது, 2021 மே 3 அன்று, முதுநிலை நீட் தேர்வைத் தள்ளிவைத்த ஒன்றிய அரசு, 100 நாள் கொரோனா பணி செய்தோருக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தது.

தக்கவைப்பு முயற்சிகள்

2020 மார்ச்சில் ஒன்றிய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு ரூ.50 லட்சம் காப்பீடு அறிவித்தது. ஏப்ரல் 22இல் வந்த அவசரச் சட்டம், அவர்களைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்றது; கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழாண்டு வரை. சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியது அதற்குச் சில நாள் முன்புதான். இத்தகைய தடையைக் குற்றமாக்கித் தமிழக அரசும் தனியே அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

கவச உடையை மாட்டியபின் பணிமுறை முடியும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை செல்லவோ முடியவில்லை. பணி முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல் விடுதியறையில் தனித்திருக்க வேண்டியிருந்தது. இதனால் சுழற்சிப் பணிக்குக் கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டனர்.

2021 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பணிக்கு மருத்துவர்களுக்கு ரூ.30,000, செவிலியர்களுக்கு ரூ.20,000, பிறருக்கு ரூ.15,000 ஊக்கத்தொகை அறிவித்தார். உயிரிழந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.25 லட்சம் வழங்கப்பட்டது. முந்தைய பழனிசாமி ஆட்சி 2020 ஏப்ரலில் அறிவித்த தொகை ரூ.50 லட்சம்.

எல்லையோர ஊர்: திருத்தணி

எல்லைப் பகுதியின் பணியாளர் தேவைக்குத் திருத்தணி ஓர் எடுத்துக்காட்டு. திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை–திருப்பதி சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன இவ்வட்டம், எல்லைப் பிரச்சினையில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது. சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பகுதிகளில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. இங்கே வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உண்டா எனக் கேட்டுவந்த பணியாளருக்குத் தமிழ், தெலுங்கு இரண்டும் கைகொடுத்தன. 

2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் (மொத்தம் 1,450 இடங்கள்) திருவள்ளூரும் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையானதால், அந்தத் தகுதி திருத்தணி அரசு மருத்துவமனைக்கு வந்தது.

பின்விளைவு

தொற்று தணிந்ததும் ஒப்பந்தங்கள் மேலும் நீட்டிக்கப்படவில்லை. 2022 டிசம்பர் 31உடன் 2,300க்கும் மேற்பட்ட செவிலியர்கள் பணியிழந்து, சேலம், சென்னை உள்ளிட்ட இடங்களில் போராடினர். நியமனத்தில் இட ஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்றது அரசு, எம்.ஆர்.பி. தேர்வில் தேறியே வந்தோம் என்றனர் செவிலியர்கள். மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் ரூ.18,000 ஊதியத்தில் மாற்றுப் பணி தருவதாக அரசு கூறியது.

நிரந்தர மருத்துவர்களின் நிலை வேறு. முதுநிலைப் படிப்பில் அரசுப் பணியிலுள்ளோருக்கு இட ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயர்சிறப்புப் படிப்புகளில் தமிழகம் அளித்த 50 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும் 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. கிராமப்புறப் பணியில் மருத்துவர் தங்குவதற்கு இத்தகைய படிப்பு வாய்ப்பு காரணமாகிறது; ஆறு மாத ஒப்பந்தச் செவிலியருக்கு அதற்கு இணையான ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.