மின்னும் மீனும்

காசிமேட்டுத் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு இரண்டு நாழிகை இருக்கும்போது, விசைப்படகுகளின் வயிற்றிலிருந்து கூடை கூடையாக இறக்கப்படும் மீன்கள் விளக்கொளியில் தரையில் கொட்டப்படும் அந்தக் கணத்தில், வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல் ஓர் ஒளி எழுந்து பரவுவதைக் கண்டவர்களுக்கு, இந்தப் பிராணிக்கு நம் முன்னோர் இட்ட பெயரின் காரணத்தை நிகண்டுகளில் தேடவேண்டிய அவசியமே இராது. வாளை மீனை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். செதிலே இல்லாத அதன் மேனியின் வெள்ளிப்பூச்சு விரலில் ஒட்டிக்கொள்கிறது. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள் மீன்தோலில் அடுக்கடுக்காக அமைந்து, விழுகிற வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் பிரகாசம் அது.

மின் என்னும் அடி முதலெழுத்து நீண்டு மீன் ஆயிற்று என்பது நம் மொழிநூலார் பலர் கொண்ட முடிவு. சுடு என்பது சூடு என்றும், பெறு என்பது பேறு என்றும், விடு என்பது வீடு என்றும் நீளும் தமிழில் இது புதுமையன்று. விசேஷம் என்னவென்றால், கடலில் திரிவதற்கு இட்ட அதே பெயரைத் தமிழர் ஆகாயத்தில் திரிவதற்கும் இட்டார்கள் என்பதே. கார்த்திகைக் கூட்டம் அவர்களுக்கு அறுமீன், சப்தரிஷி மண்டலம் எழுமீன், அருந்ததி வடமீன். இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள், ஒலியால் மாத்திரம் ஒன்றுபட்டவை என்று கருதுவாரும் உளர். மொழிநூல் முறைப்படி அந்த ஐயத்துக்கு இடமிருக்கிறது. ஆயினும், நாலைந்து மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தின்மேல் இரவெல்லாம் குந்தியிருந்து, மேலே நட்சத்திரங்களையும் கீழே துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாய்ச் சிதறும் நீரையும் கண்டவன் இரண்டுக்கும் ஒரு பெயரை வைத்திருப்பான் என்பதே என் அபிப்பிராயம். அந்த நீலவொளியைத் தருவது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர். 2019 ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு சென்னைக் கரையில் அலைகளே ஒளிர்ந்தபோது நகரத்தார் அதிசயித்தார்கள். இரவில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அது அதிசயமன்று.

இச்சொல்லின் பயணம் நெடியது. மலையாளத்திலும் கன்னடத்திலும் மீன், தெலுங்கில் மீனு, நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் பாஷையிலும் மீன். ரிக் வேதத்தில் காணப்படும் சொல் மத்ஸ்யம். மீனம் என்பது வடமொழியில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது, அதுவும் தென்மொழிகளிலிருந்து சென்றது என்று அறிஞர் பலர் ஒப்புவர். சென்ற சொல் சும்மா இருக்கவில்லை. இராசிமண்டலத்தின் பன்னிரண்டாம் வீட்டுக்குப் பெயராகி, மதுரையில் அங்கயற்கண்ணிக்கு மீனாட்சி என்னும் திருநாமமாகித் திரும்பி வந்தது.

இதனினும் பழைய சாட்சி ஒன்று சிந்துவெளியில் இருக்கக்கூடும். ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாக்கல்லில் வெட்டப்பட்ட அந்தச் சிறு முத்திரைகளில் அடிக்கடி வரும் குறிகளுள் மீன்குறி ஒன்று. மீனுக்குத் தேவைப்படுவதைவிட மிக அதிகமாக அது வருகிறது. பம்பாயில் பணிபுரிந்த ஈராஸ் பாதிரியார் அக்குறியைத் திராவிட மொழியில் மீன் என்று படித்து, அது விண்மீனையும் குறிக்கும் என்றார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதே வழியில் மேலும் சென்று, ஆறு கோடுகளோடு சேர்ந்த மீனை அறுமீன் என்றும் ஏழு கோடுகளோடு சேர்ந்த மீனை எழுமீன் என்றும் கொண்டார். அவ்வெழுத்துகள் எல்லோரும் ஒப்பும்படி இன்றுவரை படிக்கப்படவில்லை. ஆகவே இதனைத் தீர்ந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆனால் இவ்வூகம் முழுவதும் நிற்பது, நம் மீன்காரப் பெண்கள் நாள்தோறும் கூவி விற்கும் ஓரசைச் சொல் ஒன்றின்மேல்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பெயரிட்டவர்கள் அறிந்திராத ஒன்றை விஞ்ஞானம் பிற்பாடு கண்டது. கடலில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரியவெளிச்சம் எட்டுவதில்லை. அங்கே வாழ்வனவற்றுள் பல தம் விளக்கைத் தாமே ஏற்றிக்கொள்கின்றன. கலிபோர்னியக் கடலில் 17 ஆண்டுகள் எடுத்த படங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, நீரில் திரியும் பிராணிகளில் நூற்றுக்கு 76 ஒளிவிடும் வகையின. இதற்காக ஆழ்கடலுக்குத்தான் போகவேண்டும் என்பதுமில்லை. ஏழை வீட்டுக் குழம்புக்குக் கூறுகட்டி விற்கும் காரப்பொடியை எல்லோரும் அறிவோம்: உள்ளங்கையில் அடங்கும், தட்டையான, வெள்ளைவெளேரென்ற மீன். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு சிறு உறுப்பு உண்டு. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் விடும் ஒளி அதன் வயிற்றுப்புறமாக வெளிப்படுகிறது. வஞ்சிரத்துக்கும் வவ்வாலுக்கும் கிடைக்காத மதிப்பு, பெயர்ப்பொருத்தத்தை வைத்துப் பார்த்தால், இந்தக் காரப்பொடிக்கே உரியது.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்புவதற்கான ஒரு கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய அக்கலத்தின் நடுவே 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்று. அதற்குள் மூவர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழத்துக்கு, நாம் இங்கே தாங்குவதைப்போல் அறுநூறு மடங்கு அழுத்தத்துக்கு, இறங்கவேண்டும் என்பது நோக்கம். அதன் பெயர் மத்ஸ்யா 6000. வேதகாலத்துச் சொல், குறையொன்றுமில்லை. எனினும், ஒளிவிடும் உயிர்கள் வாழும் இருளுக்குள் செல்லும் கலத்துக்கு மீன் என்ற பெயரே சாலப் பொருந்தியிருக்கும்.

அந்தக் காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழியில், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தது. வலையும் படகும் அலையாத்திச் செடிகளும் கருத்தன. பல நாள் தொழிலில்லை. மீனவர் கையால் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. கழி அழியும்போது மீன் மாத்திரம் அழிவதில்லை; அதனைப் பற்றிய சொற்களும் பேசுவாரற்றுப் போகும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. உங்கள் வீட்டில் கட்டுமரம் ஏறிய பெரியவர் எவரேனும் இருந்தால், திசைகாட்டி வருமுன் எந்த மீனைப் பார்த்துக் கரை சேர்ந்தீர்கள், அதற்கு என்ன பெயர் என்று இன்றிரவே கேட்டு, அவர் சொல்லும் ஒலி மாறாமல் எழுதி வையுங்கள்.