மேற்கோள் எண்ணிக்கை அளப்பது எதை? நோயெதிர்ப்பியல் வரலாற்றை முன்வைத்து

ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் தகுதியை இன்று மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன: வெளியிட்ட கட்டுரைகள், அவை பெற்ற மேற்கோள்கள், இரண்டையும் பிணைக்கும் எச்-குறியீடு. மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் எழுதியபோது அவர் முதன்மையாக எண்ணியது, பெருகிவந்த அறிவியல் இலக்கியத்தில் தொடர்புடையதைத் தேடி எடுப்பதற்கான வழியை. ஆளை எடைபோடும் வேலை அதன்மேல் பின்னர் ஏறியது. ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலர் 2005இல் தந்த எச்-குறியீட்டோடு அது நிலைபெற்றுவிட்டது. ஒரு கட்டுரை மற்றவர்களின் வேலைக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதையே மேற்கோள் எண்ணிக்கை அளக்கிறது. அது எதைக் கண்டறிந்தது என்பதை அன்று. நோயெதிர்ப்பியலில் இவ்விரண்டும் விலகிப் போவது தற்செயல் அன்று, அத்துறையின் இயல்பிலேயே உள்ளது என்பது என் வாதம்.

டிம் மோஸ்மன் 1983இல் தனியாக எழுதிய கட்டுரை, எம்டிடி என்னும் மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதாநிறப் பொருளாக மாற்றுவதைக் கொண்டு செல்களின் பிழைப்பை விரைவாக அளக்கும் முறையைத் தந்தது. பல்லாயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்ற கட்டுரை அது. மேற்கோள் காட்டியவர்களில் பலர் புற்றுநோய் மருந்தையோ மூலிகைச் சாற்றையோ சோதித்தவர்கள். நோயெதிர்ப்பு அவர்கள் கேள்வியே அன்று. அதே மோஸ்மன் 1986இல் ராபர்ட் காஃப்மனோடும் பிறரோடும் சேர்ந்து, எலியின் உதவி டி செல்கள் சுரக்கும் பொருள்களைக் கொண்டு அவற்றை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வாமை, ஒட்டுண்ணி நோய், தொழுநோய் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையையே அந்தப் பகுப்பு மாற்றி அமைத்தது. அதுவும் ஏராளமாக மேற்கோள் பெற்றதுதான். ஆனால் சாயக் கட்டுரையை எட்டவில்லை. மொத்த எண்ணிக்கையை நம்புபவர், சாயமே அவருடைய பெரிய சாதனை என்று சொல்ல வேண்டியிருக்கும். எச்-குறியீட்டை நம்புபவருக்கோ இரண்டும் சமம்: ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை, அவ்வளவே. முறையியல் பங்களிப்பை நான் தாழ்த்தவில்லை. அது நேர்மையான உழைப்பு. ஒரே மனிதரின் இருவேறு வகைப் பணியை ஓர் அளவை தலைகீழாக்கிவிடுகிறது, மற்றொன்று வேறுபாட்டையே அழித்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

புரூஸ் கிளிக்கின் கதை இன்னும் கூர்மையானது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழியியல் மாணவராக இருந்த அவர், குஞ்சுகளின் மலவாய்க்கருகே உள்ள ஃபாப்ரிசியஸ் பை எதற்கு என்று அறிய அதை அறுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சக மாணவர் திமோதி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உருவாவதைக் காட்ட அந்தக் கோழிகளை வாங்கிச் சால்மொனெல்லா ஊசி போட்டார்; பை நீக்கப்பட்டவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ‘சயின்ஸ்’ இதழ் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரை, 1956இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்கான ஓர் இதழில் வந்தது. நோயெதிர்ப்பியலர்கள் பெரும்பாலோர் அந்த இதழைப் புரட்டுவதில்லை. 1965இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் மின்னசோட்டாவில், தைமஸும் இந்தப் பையும் இரு தனித்தனி எதிர்ப்புக் கிளைகளுக்குப் பொறுப்பு என்று காட்டினார்கள். இன்று பி செல் பற்றி எழுதுபவர் எவரும் கிளிக்கை மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. ‘பி’ என்ற அந்த எழுத்தே ‘பர்சா’ எனப்படும் அந்தப் பையின் பெயரிலிருந்து வந்ததுதான். எல்லோருக்கும் பொதுவறிவாகிவிட்ட கண்டுபிடிப்பு மேற்கோளிலிருந்து மறைந்துபோவதைச் சமூகவியலர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். ஆக, முதலில் யாரும் படிக்காததால் மேற்கோள் இல்லை, பின்னர் எல்லோரும் அறிந்ததால் இல்லை. நடுவிலுள்ள குறுகிய காலத்தைத்தான் எண்ணிக்கை பதிவு செய்கிறது.

எண்ணிக்கை தவறியும் ஏறும். 1970களில் அடக்கும் டி செல்கள் பற்றிய இலக்கியம் குவிந்தது. ஐ-ஜே என்ற மூலக்கூறே அவற்றின் அடையாளம் என்றார்கள். 1980களில் மரபணுவை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்த இடத்தில் அப்படியொரு மரபணுவே இல்லை. அந்தச் சரிவால் ஐயுறவு படர்ந்திருந்த சூழலில்தான் ஷிமோன் சகாகுச்சி 1995இல் ஒழுங்குபடுத்தும் டி செல்களை அடையாளம் காட்டினார். 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆதரித்துச் சுட்டியதையும் மறுத்துச் சுட்டியதையும் கூட்டல் கணக்கு பிரித்தறிவதில்லை.

நோபல் பெற்றோர் பலர் முன்னரே மிகுதியாக மேற்கோள் பெற்றவர்கள் என்பது வலுவான மறுப்பு. பெரிய குழுக்களைப் பற்றிய பொது உண்மையாக அதை ஏற்கிறேன். தனியொருவர் மீதான தீர்ப்பாக ஏற்க இயலாது. கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏவின் அடிப்படை அலகுகளை மாற்றினால் உடலின் எதிர்வினை அடங்கும் என்று 2005இல் எழுதினார்கள். அந்த வழியில் உருவான 2020இன் கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகே அதன் மேற்கோள் பொங்கியது. இடைப்பட்ட காலத்தில் கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றுண்டு: எண்களை ஒதுக்கினால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு தலைதூக்கும்; கிளிக்கை முதலில் நிராகரித்தவர்களே நிபுணர்கள்தாம். உண்மை. ஆனால் நிபுணரிடம் காரணம் கேட்கலாம், அதை மறுத்து வாதிடலாம். எண் காரணம் சொல்வதில்லை. மேலும் மேற்கோளும் நிபுணர்களின் தேர்வே. அவர்களின் பாகுபாடு அதில் பெயர் தெரியாமல் கலந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்க நேரமில்லை என்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவரே தேர்ந்த மூன்று கட்டுரைகளை மட்டும் கேட்டால் படிக்கும் சுமை பெரிதும் குறையும். எண்ணைக் கொண்டு முதல் வடிகட்டலைச் செய்வதுதான் மிக ஆபத்தானது. கோழியியல் இதழில் எழுதிய மாணவர் விழுந்துபோவது அந்தக் கட்டத்தில்தான்.